ஏரிக்காரர் கடலில் போட்ட தூண்டில்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், பட்டணம் காலியான அந்தக் கோடையைப் பற்றிய பேச்சு எப்படியாவது வந்துவிடும். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேற்கே ஓடி வந்ததும், அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஆள் போட்டி போட்டதும் உங்களுக்கு வேடிக்கைக் கதை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கிராமபோன் கொண்டு வந்தார்கள் என்பார் ஒருவர். எங்கள் வீட்டில் வக்கீல் குடும்பமே தங்கியது என்பார் இன்னொருவர். நான் அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவேன். காபி போடப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கதையைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும், அதனால்தான் போனேன். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று கேட்டால், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வக்கீல் வரவில்லை. ஒரு மீன்காரக் குடும்பம் வந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கத்திரிக்காய் மூட்டைகளைச் சந்தையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வரும்போது, வழியில் ஒரு ஆளும் அவர் சம்சாரமும் கைக்குழந்தையும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்களாம். துறைமுகத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நைனா வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த எங்கள் வீட்டின் பின்கொட்டகையில் அவர்கள் இரண்டு மாதம் இருந்தார்கள். அவரை நான் குப்பத்து மாமா என்று கூப்பிட்டேன்.

கொட்டகை முழுக்கக் கருவாட்டு வாசனை என்று அம்மா முதல் வாரம் மூக்கைச் சுளித்தாள். இரண்டாவது வாரம் அந்தக் கருவாட்டில் குழம்பு வைத்துத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். மாமாவுக்கு எங்கள் ஏரியைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

"இன்னா அண்ணாத்தே, இது தூங்கிகினு கீது? தண்ணின்னா ஒரு அசைவு வேணாமா?"

"தூங்குனா இன்னாபா? உள்ள எறங்கிப் பாரு, வெரால் எப்டி கீதுன்னு" என்பார் நைனா.

நைனா விரால் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்னத் தவளையைத் தூண்டில் முள்ளில் குத்தி விடுவார். மீன் கவ்வியதும் இழுக்க மாட்டார். நூலைத் தாராளமாக விட்டுக்கொண்டே இருப்பார். விரால் இரையை நிதானமாக விழுங்கும், விழுங்கவிட்டால்தான் முள் ஏறும். முள் மதகுக் கற்களில் மாட்டிக்கொண்டால் நூலை வலது மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அதைப் பிடித்தபடியே தண்ணீருக்குள் இறங்கிப் போய் எடுத்து வருவார். எங்கள் ஏரிப்பக்கத்து ஆண்கள் எல்லாருமே அப்படித்தான். நூலை அறுப்பது என்பது அவர்களுக்கு மானக்கேடு. யுத்தத்தில் சீமை முள் வருவது வேறு நின்றுபோயிருந்தது. நைனாவிடம் இருந்தது இரண்டே முள். அவற்றைப் பொடி டப்பாவில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருப்பார். பெண் குழந்தைகள் மூன்று பேரில் தங்கைகள் இரண்டு பேரும் அதைத் தொடக் கூடாது. நான்தான் மூத்தவள், நான் மட்டும் தொடலாம்.

குண்டு விழவில்லை. ஜனங்கள் திரும்பிப் போனார்கள். மாமா புறப்படும்போது நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தபா எங்க பக்கம் வா அண்ணாத்தே. கலவா புடிச்சிக் காட்றேன். உன் வெராலெல்லாம் அதுங்கிட்ட நிக்காது" என்றார்.

அப்புறம்தான் எங்களுக்குக் கெட்ட காலம். ஆவடிப் பக்கம் எங்களுக்கு இருந்த புஞ்சையைப் பட்டாளத்துக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். கடலை போட்டிருந்த நிலத்தில் லாரி ஓடியது. நைனா ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அதோடு சரி. பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் வர மாட்டார். "மனுஷன் ஒரு மாரியா கீறாரு" என்று ஊரில் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்த வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

அடுத்த சித்திரையில் ஏரி வற்றியபோது நைனா திடீரென்று, "குப்பத்துக்குப் போய்ட்டு வரேன்" என்றார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். போகட்டும், நாலு நாள் வேறு காற்று பட்டால் மனசு மாறும் என்று கட்டுச்சோறு கட்டினாள். நானும் வருவேன் என்று புரண்டு அழுதேன். நான் அழாமல் இருந்திருந்தால், என்று ஆரம்பித்து எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எதற்கும் விடை வரவில்லை.

அம்பத்தூரில் ரயிலேறி, இறங்கி, மணலில் வெகுதூரம் நடந்து போனோம். கடலை நான் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். உங்களைப் போல வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. எனக்கு அதன் சத்தம் பிடிக்கவில்லை. இவ்வளவு சத்தத்தில் இவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று கேட்டேன். மாமா சிரித்தார். அவர் சம்சாரம் சூடான களியும் மீன் குழம்பும் போட்டாள். எங்கள் வீட்டில் எப்போதும் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டவள், அவள் வீட்டில் என்னை அதட்டி அதட்டிச் சாப்பிட வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் சின்ன மரத்தைத் தள்ளினார்கள். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள். அது நாலு கட்டைகளைக் கயிற்றால் கட்டியது, இரண்டு பேர் தாராளமாகப் போகலாம். நானும் ஏறப் போனேன்.

மாமா குறுக்கே வந்தார். "பொம்பளப் புள்ளைங்க மரத்துல காலு வக்கக் கூடாது அண்ணாத்தே. எங்காளுங்க பாத்தா என்னை உண்டு இல்லன்னு பண்ணிருவாங்க."

"கொழந்தைபா. பத்து வயசுகூட ஆவல. கரையில தனியா வுட்டா ஒப்பாரி வைப்பா."

மாமா என்னைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். இரண்டு மாதம் எங்கள் வீட்டுச் சோறு தின்ற மனுஷன், நைனா கேட்டு எப்படி முடியாது என்பார்? மரத்தைக் குப்பத்தின் கடைசி முனைக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கே யாரும் பார்க்காதபோது என்னைத் தூக்கி நடுவில் உட்கார வைத்தார். "கயித்த கெட்டியா புடிச்சிக்க கண்ணு. இன்னா ஆனாலும் வுடாத" என்றார்.

பாறைகள் கரையிலிருந்து ரொம்ப தூரமில்லை. இரண்டு ஆள் ஆழம்தான் இருக்கும். அலை மேலே எழும்பாமல் அங்கே மட்டும் தண்ணீர் வயிறு மாதிரி ஏறி இறங்கும். கொஞ்சம் தள்ளி பாறை மேலே வந்த இடத்தில் நுரை பொங்கும். மாமா கயிற்றில் கட்டிய கல்லை இறக்கி மரத்தை நிறுத்தினார். கலவா எங்கேயும் சுற்றாது, பாறைப் பொந்தில் குடியிருந்து வாசலில் வந்து நிற்கும், இறாலைக் கண்டால் வாயை ஒரே முறை திறந்து மூடும் என்று சொன்னார்.

"கவ்வுன ஒடனே தூக்கணும் அண்ணாத்தே. யோசிக்கக் கூடாது. யோசிச்சா பொந்துல பூந்துகினு செவுள விரிச்சிக்கும். அப்பறம் அத எமனாலயும் இழுக்க முடியாது. அறுத்துட்டு வேற நூலு போட வேண்டியதுதான்."

மாமா அடுத்தடுத்து மூன்று பிடித்தார். பழுப்பில் செம்புள்ளி போட்ட உடம்பு, தலையில் பாதி வாய். மரத்தின் மேல் கிடந்து அவை முதுகு முள்ளை விரிக்கும்போது என் காலை இழுத்துக்கொள்வேன். உதட்டில் உப்பு ஒட்டியிருந்தது. நைனா சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பை ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை, அதுதான் அநியாயம். சாக நினைத்த மனுஷன் அப்படிச் சிரிக்க மாட்டார்.

நைனாவின் நூலை ஒரு மீன் இழுத்தது. "தூக்கு, தூக்கு" என்று மாமா கத்தினார். நைனாவின் கை ஏரியில் பழகிய கை. நூலை விட்டுக்கொடுத்தது. மீன் விழுங்கட்டும் என்று நிதானமாக விட்டார். நூல் சர்ரென்று போய் நின்றது. இழுத்தால் கல்லைக் கட்டி இழுத்த மாதிரி இருந்தது.

"பூந்துகிச்சு. அறுத்துடு அண்ணாத்தே."

"சீம முள்ளுபா. ரெண்டுல ஒண்ணு."

"முள்ளு போனா மயிரு போச்சு. அறுத்துடு சொல்றேன்."

"ரெண்டு ஆளு ஆழம்தானே? மதகுல இத்த விட ஆழத்துல எடுத்துக்கீறேன். ஒரு முக்குல வந்துர்றேன் இரு."

சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் நூலை நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். மாமா துடுப்பைப் போட்டுவிட்டு அவர் தோளைப் பிடிக்கப் பாய்ந்தார். அதற்குள் நைனா வழுக்கி இறங்கிவிட்டார். இறங்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

தூங்குகிற தண்ணீரில் இறங்கிப் பழகியவர். இங்கே தண்ணீர் ஏறி இறங்கியதில் அவரைப் பொந்துப் பக்கம் தள்ளியிருக்கிறது. நூல் பாறையில் சுற்றி, கையையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறது. இதெல்லாம் பிறகு சொன்னார்கள். நான் பார்த்தது குமிழிகளை மட்டும்தான். மாமா கயிற்றைப் போல நூலைப் பிடித்து இழுத்தார். அது அறுந்து வந்தது. அவர் குதிக்க எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து அடியில் கல் பிடி விட்டு, மரம் நுரை பொங்கும் பாறைப் பக்கம் திரும்பி ஓடத் தொடங்கியது. அவர் குதித்தால் மரத்தில் நான் மட்டும். மாமா தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து துடுப்பை எடுத்தார். வாய்விட்டு அழுதுகொண்டே துடுப்புப் போட்டார். நான் கயிற்றை விடவில்லை.

என்னைக் கரையில் வீசிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். நைனாவைக் கொண்டுவந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மணிக்கட்டில் நூல் இருந்தது.

சேதி போய், சாயங்காலம் பெரியப்பா வந்தார். நைனாவின் அண்ணன். கூட ஊர்க்காரர்கள் நாலு பேர். பெரியப்பா முதலில் மாமாவைத் தனியாக வலைகளுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்து, குப்பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். மேல பேசக் கூடாது, இன்னா?"

தலையாட்டினேன்.

"உங்க நைனாவ மரத்துல ஏத்திகினு போனது யாரு?"

"மாமா."

"நைனா முழுகும்போது இவன் தண்ணில குதிச்சானா?"

"இல்ல."

"போதும்."

"பெரிப்பா, அது வந்து..."

"போதும்னு சொன்னேன்ல?"

நான் வாயை மூடிக்கொண்டேன். நம்மையெல்லாம் அப்படித்தானே வளர்த்தார்கள்? பெரியவர்கள் பேசும்போது வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி இருந்தால் நல்ல பெண். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குப்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, "பொட்டப் புள்ளய மரத்துல ஏத்துனது நீயா?" என்று அவரைக் கேட்டார். மாமா ஆமாம் என்றார். அதோடு முடிந்தது. இனி அவர் மரம் அந்தக் கரையிலிருந்து இறங்கக் கூடாது என்றார்கள். அக்கம்பக்கத்துக் குப்பங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

நைனாவை ஏற்றிக்கொண்டு போன எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே மாமா அயனம்பாக்கம் வரை நடந்து வந்தார். தெருமுனையில் நின்றார். அம்மா அவரைப் பார்த்துவிட்டாள். நைனாவை விட்டு எழுந்து தலைவிரி கோலமாக ஓடிப்போய், மண்ணை வாரி அவர் மேல் இறைத்தாள்.

"ஊட்ல வச்சி சோறு போட்டேனேடா! பாத்துகினு நின்னியாடா? நீ மறுபடி கடலக் கண்ணால பாக்காமயே சாவணும்டா! இது என் வாக்குடா!"

மாமா மண்ணைத் தட்டிக்கூட விடவில்லை. அப்படியே திரும்பிப் போனார். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும். பெரியப்பா விறகு வண்டியோடு ஆவடிக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வண்டியை ரயிலடிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு யாரையோ பார்க்கப் போனார். பட்டாளத்துக்குக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த இடம். தலையில் ஜல்லிக் கூடையோடு ஒரு ஆள் என் எதிரே நின்றார். உடம்பெல்லாம் சிமெண்டு. கடல் கறுப்பெல்லாம் போய்ச் சாம்பல் பூத்திருந்தது.

"சாப்டியா கண்ணு?" என்றார்.

அந்தக் குரலில்தான் அடையாளம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் தப்பா சொல்லிட்டேன் மாமா. நீங்க அறுக்கச் சொன்னதைச் சொல்லல. என்னாலதான் நீங்க குதிக்கலன்னு சொல்லல" என்றேன்.

அவர் கூடையை இறக்கி வைத்தார்.

"நீ இன்னா தப்பா சொன்ன? கேட்டாங்க, சொன்ன. உங்க பெரிப்பா கையில நான் அன்னிக்கே ஒண்ணு வுடாம சொல்லிட்டேன் கண்ணு. அவரு அழுதாரு. நெலம் போன துக்கத்துல அவனே சாவத்தான் எறங்கிட்டான்னு ஊரு பேசும், ரெண்டு ஊட்லயும் சேத்து அஞ்சு பொண்ணு கீது, ஒருத்தனும் வாசப்படி ஏற மாட்டான்னாரு. நீ ஒண்ணும் பேசாம நின்னா போதும்னாரு. உங்க நைனா சோறு போட்டவரு. நின்னேன். மரத்த நிறுத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது."

எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. மீதி புரிய எனக்கே பெண் பிறந்து வளர வேண்டியிருந்தது. பெரியப்பா இரண்டு கேள்வி கேட்டார் அல்லவா? எல்லாம் தெரிந்துகொண்டுதான், சல்லடை போட்டு அந்த இரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான் ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனுஷனைக் கவிழ்க்கிற மாதிரி. அவர் கெட்டவர் இல்லை, அந்த ஐந்து பெண்களுக்கும் அவர்தான் ஓடியாடிக் கல்யாணம் செய்து வைத்தார், என் கல்யாணம் உட்பட. நாங்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தோம். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

மாமா கொஞ்சம் குனிந்து, மெதுவாகப் பேசினார். "ஒரு தபா கெளம்பிப் போனேன் கண்ணு. கரையில நின்னு பாத்துட்டாவது வரலாம்னு. பாதி வழியில காலு வரல. உங்கம்மா வாக்கு கீதே. வயிறெரிஞ்சி வுட்ட வாக்கு. நீ ஊர்ல யாருக்கும் சொல்ல வேணாம். உங்கம்மா கையில மட்டும் நடந்தத சொல்லு. 'போவட்டும்'னு அவங்க வாயால ஒரு வார்த்த சொன்னா போதும். மத்தத நான் பாத்துக்கிறேன். சொல்லுவியா?"

"சொல்றேன் மாமா" என்றேன். சத்தியம்கூடச் செய்தேன்.

பெரியப்பா வருவதைப் பார்த்ததும் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். யார் அது என்று பெரியப்பா கேட்டார். யாரோ வழி கேட்டார் என்றேன்.

அன்றைக்கே சொல்லத்தான் போனேன். அம்மா மாவரைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். "இன்னாடி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இன்னொரு நாள் தலை வாரிவிடும்போது ஆரம்பித்தேன். நைனா பேரை எடுத்ததுமே அவள் கண் கலங்கியது, நிறுத்திவிட்டேன். அவள் மனசு நோகும் என்று நிறுத்தியதாக வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. சொன்னால் அவள் திரும்பி என்னைப் பார்த்து, "ஏன்டி அன்னிக்கே சொல்லல?" என்று கேட்பாள். அதற்குப் பயந்தேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பயம்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

யுத்தம் முடிந்து வந்த தை மாதம். பெரியப்பா வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்து, "அந்தக் குப்பத்தான் பூட்டானாம். ஆவடியில கூலி லைன்ல. காச்சலாம்" என்றார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "கடலுக்குத் திரும்பிப் போனானா?"

"எங்க போனான்? கடைசி வரிக்கும் இங்கியேதான்."

பெரியப்பா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போனார். அம்மா எழுந்து நின்றாள். நைனா போன பிறகு அவள் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

"என் வாக்கு பலிச்சிச்சு பாத்தியா? அம்மன் கைவுடல. போடி, போய் ஒரு தேங்கா ஒடச்சிட்டு வா."

தேங்காயை என் கையில் கொடுத்தாள். நான் கோயிலுக்குப் போனேன். பூசாரி உடைத்துக் கொடுத்தார், சரிபாதியாக உடைந்தது, நல்ல சகுனம் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா ஒரு மூடியைத் துருவி அரைத்துக் குழம்பு வைத்தாள். அன்றைக்கு எல்லாருக்கும் அவளே பரிமாறினாள். குழம்பு நன்றாக இருந்தது, நான் இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.